யானை வேட்டமும் எலிமுயற்சியும்
(புறநானூறு, கலித்தொகை, திருக்குறள் ஆகியவற்றில் நிறைவாழ்வு பற்றிய ஓர் ஆய்வு)

1. ஆய்பொருள்

நிலையாமை என்பது பழந்தமிழ்ப் பாடல்களில் பலகாலும் பேசப்படும் பொருள்களுள் ஒன்று. செல்வம் நில்லாது, இளமை நில்லாது, யாக்கையும் நில்லாது. இம்மூன்றனையும் உணர்ந்த மாந்தன் செய்யக்கடவது யாது? நில்லாதவற்றின்மீது பற்று வையாது விலகுக என்பது ஒரு விடை. நில்லாதவை நம் கையில் இருக்கும்பொழுதே அவற்றை உரிய பயனுக்கு முழுதும் செலவிடுக என்பது மற்றொரு விடை. முதல் விடைக்குத் துறவு என்னும் பெயர் உண்டு. இரண்டாம் விடையை, வள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில் கூறும் வாழ்வாங்கு வாழ்தல் ஒருவாறு தழுவும் எனலாம். எனினும் அது இல்லறத்தோடு இயைத்துக் கூறப்பட்டமையின், அதனினும் பரந்த இக்கருத்தினை யாம் ஈண்டு நிறைவாழ்வு என்று குறிப்போம்.

நிறைவாழ்வு பற்றிய பாடல்களை எடுத்தாள்வாரிடையே இருவகைப் போக்கினைக் காண்கிறோம். யானையை வேட்டையாடச் செல்வானைக் கூறும் புறப்பாட்டினையும், யானைமேல் எறிந்து பிழைத்த வேலினைக் கூறும் குறளினையும் ஒன்றாக வைத்து, 'பெரியதையே நாடுக' என்னும் அறிவுரைக்கு மேற்கோளாக்குதல் ஒன்று. தெரிந்துசெயல்வகை, வலியறிதல் முதலிய அதிகாரங்களைக் காட்டி, வள்ளுவர் அடக்கத்தையும் காவலையுமே விரும்பினார் என்று முடித்தல் மற்றொன்று. இரண்டும் பாடல்களை அவை நின்ற இடத்தினின்றும் பெயர்த்தெடுத்துப் பொருள் காண்கின்றன. யார் கூற்று, எந்நிலையில் எழுந்தது, எதனைப் பழித்து எதனைப் புகழ்ந்தது என்னும் வினாக்களை எழுப்பின், இப்பாடல்களின் கருத்து வேறு வகையில் புலப்படும்.

எமது துணிபு இது: நிறைவாழ்விற்கு மறுதலையாகப் பழஞ்சான்றோர் கண்டது அச்சம் அன்று, பதுக்கல். பொருளைப் பதுக்கலும், உயிரைப் பதுக்கலும், நாளைப் பதுக்கலும் ஆகிய மூன்றும் அவர்தம் பழிப்புக்கு உரியவாயின. அச்சம் இப்பதுக்கலின் ஒரு வடிவமே. இதனைக் கொண்டால், மறம் பாடும் புறப்பாட்டிற்கும் எண்ணித் துணியச் சொல்லும் குறளிற்கும் முரண் இல்லை என்பது பெறப்படும்.

2. எலியும் புலியும்

முதற்கண் ஆராயத்தக்கது புறநானூற்றின் 190ஆம் பாட்டு. பாடியவன் சோழன் நல்லுருத்திரன். பொதுவியல் திணையில் பொருண்மொழிக்காஞ்சித் துறையில் இது வைக்கப்பட்டுள்ளது. எத்தகையோருடன் நட்புக் கொள்ளலாகாது, எத்தகையோருடன் கொள்ளல் வேண்டும் என்பதே பாட்டின் பொருள். கொள்ளத்தகாதவர்க்கு எலி உவமை. கொள்ளத்தக்கவர்க்குப் புலி உவமை.

எலியைப் புலவன் வரையும் திறம் நுணுகி நோக்கற்பாலது. விளைச்சல் முற்றும் பருவத்தை அவ்வெலி அறியும். சிறு புலத்தைத் தேர்ந்து, வளைந்த கதிர்களைக் கொணர்ந்து, வளை நிறைய வைக்கும். காலம் அறிதல், இடம் அறிதல், உழைத்தல் ஆகிய அனைத்தும் அதனிடம் உண்டு. சோம்பலின் அடையாளமாக எலி இங்கு வரவில்லை. முயற்சியின் அடையாளமாகவே வருகிறது. முயற்சியுடையாரை உயர்த்தி மடியுடையாரைத் தாழ்த்தும் பாட்டு இது என்று பொதுப்படக் கூறின், புலவன் உள்ளத்தை நழுவவிட்டவர் ஆவோம். எலிக்குக் குறை, முயற்சி இன்மை அன்று. அம்முயற்சி வளையின் வாயிலோடு முடிந்துவிடுதல். உள்ள வளத்தை இறுகப் பற்றி மறைத்து வைப்பாரை உள்ளம் இல்லாதவர் என்றே புலவன் சுட்டுகிறான்.

புலியின் நிலை வேறு. அது கொன்ற பன்றி இடப்பக்கம் விழுந்தது. இடப்பக்கம் வீழ்ந்ததனைப் புலி உண்ணாது என்பது அக்காலத்து வழங்கிய கருத்து. ஆதலின் அன்று அது பசியோடு இருந்து, மறுநாள் மலைமுழையினின்றும் எழுந்து, பெருங்களிற்றினை வலப்பக்கம் வீழக் கொல்லும். அகநானூற்றின் 29ஆம் பாட்டிலும் இக்கருத்து ஆளப்பட்டிருத்தல் ஒப்புநோக்கத்தக்கது. ஆங்கு, பொருள்வயிற் பிரிந்து மீண்ட தலைவன் தன் உள்ளத்தின் தளராமையைப் புலப்படுத்தக் கூறுவதில் இவ்வுவமை அமைந்துள்ளது.

புலி தீங்கினை விரும்பித் தேடுவது அன்று. இடர் உள்ளது என்பதற்காக யானையின்மேற் செல்வதும் அன்று. தகாத முறையில் கிடைத்ததனைக் கொண்டு வயிறு நிரப்ப மறுக்கிறது. அம்மறுப்பின் விளைவாகவே பெரிய வேட்டம் அதற்கு நேர்கிறது. எலி வைத்துக்கொள்கிறது, புலி விட்டுவிடுகிறது. பசியைப் பொறுத்தல் வல்லார்க்கே யானை வேட்டம் உரியது என்பது பாட்டின் உட்கிடை. துணிவு என்பது கைகளின் வன்மை அன்று, இழக்க இசையும் உள்ளத்தின் வன்மை என்பதனை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

3. உயிரைக் காத்து வைத்தல்

சோழன் நல்லுருத்திரன் பெயரோடு சார்த்திக் கூறப்படும் மற்றொரு பகுதி முல்லைக்கலி. கலித்தொகையின் ஐந்து கலிகளைப் பாடிய ஐவரின் பெயர்களைத் தொகுத்துக் கூறும் வெண்பா ஒன்று முல்லைக்கலியை இவனுக்கு உரியதாக்குகிறது. 1887ஆம் ஆண்டில் இந்நூலை முதன்முதல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளையோ நூல் முழுவதனையும் நல்லந்துவனார்க்கே உரிமையாக்கினார். ஆசிரியர் பற்றிய இவ்வழக்கினை இங்கு முடித்தல் எம் நோக்கம் அன்று. இருவேறு நூல்களில் உள்ள இரு பாடல்கள் ஒரே கருத்தினைப் பேசுகின்றன என்பதே நமக்கு வேண்டுவது.

ஏறுதழுவலைக் கூறும் முல்லைக்கலிப் பாடல்களுள் 103ஆம் பாட்டுச் சிறப்புடையது. கொல்லும் ஏற்றின் கொம்பிற்கு அஞ்சும் ஒருவனை ஆயர்மகள் இம்மையில் மட்டுமன்று, மறுமையிலும் தழுவாள் என்று அப்பாட்டு உரைக்கிறது. இதனை மறத்தின் மிகையுரையாகக் கொண்டு கடந்து செல்வாரும் உளர். ஆனால் அடுத்து வரும் பகுதி அதற்குரிய காரணத்தையும் தருகிறது. உயிர் காற்றினைப் போன்று நில்லாத் தன்மையது என்பதனை அறியாமல், அவ்வுயிருக்குக் காவல் இருந்து கொம்பினை அஞ்சுவார்க்கு அவள் தோள் எளியது அன்று என்பது அக்காரணம்.

இங்கே இரண்டு செய்திகள் கருதற்குரியன. ஒன்று, நிலையாமை துறவிற்கு ஏதுவாகாமல் துணிவிற்கு ஏதுவாகின்றமை. உயிர் நில்லாது, ஆதலின் இன்பத்தை வெறுத்து ஒதுங்குக என்று பாட்டுக் கூறவில்லை. உயிர் நில்லாது, ஆதலின் அதனைக் காத்துவைத்து இன்பத்தை இழத்தல் பேதைமை என்கிறது. மற்றொன்று, கொம்பிற்கு அஞ்சுவானைப் பழிக்கும் முறை. அவன் உயிர்க்குக் காவலாளியாகிவிட்டான் என்பதே குற்றம். புறப்பாட்டின் எலி கதிர்க்குக் காவல் இருந்தது போல, இவன் உயிர்க்குக் காவல் இருக்கிறான். அங்கே புலவன் உள்ளம் இல்லாதவர் என்றான். இங்கே பாட்டு நெஞ்சம் இல்லாதவர் என்கிறது. பொருளைப் பதுக்குவானும் உயிரைப் பதுக்குவானும் ஒரே சொற்பொருளால் சுட்டப்படுதல் தற்செயலாக நேர்ந்தது எனத் தோன்றவில்லை.

4. நாளைப் பதுக்கல்: பாலையின் எதிர்க்குரல்

இதுகாறும் கூறியவற்றால், இடர்மிகு செயலே நிறைவாழ்வு என்று ஒருவர் கருதக்கூடும். அக்கருத்தினைப் பாலைப்பாடல்கள் மறுக்கின்றன. பாலையின் தலைவன் பொருள் தேடச் செல்பவன். அவன் செல்லும் வழி வெம்மையுடையது, ஆறலைப்போர் உறைவது, நீர் அற்றது. இடர் என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், இல்லில் இருத்தலினும் சுரம் கடத்தலே நிறைவாழ்வு ஆதல் வேண்டும். தோழியும் தலைவியும் அவ்வாறு கருதவில்லை.

கலித்தொகையின் 18ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்று. பிரியக் கருதிய தலைவனை நோக்கித் தோழி கூறும் உரை அது. பொருளைப் பின்னரும் ஈட்டலாம். கழிந்த இளமையை ஈட்டல் ஒல்லாது. ஓர் ஆடையையே இரு கூறாக்கி உடுக்கும் வறுமை உற்றபோதிலும், பிரியாது ஒன்றி வாழ்வாரின் வாழ்க்கையே வாழ்க்கை எனப்படும் என்று அவள் முடிக்கிறாள். 'வாழ்க்கை' என்னும் சொல்லுக்கு இலக்கணம் வகுக்கும் இடங்களுள் இது தலையாயது.

தலைவன் கோழை அல்லன். எனினும் தோழியின் நோக்கில் அவனும் ஒருவகைப் பதுக்கலையே செய்கிறான். இன்று வாழவேண்டிய வாழ்வினைப் பொருள் ஈட்டியபின் வாழலாம் என்று அவன் வைத்துப் போகிறான். எலி கதிரை வைத்தது. அஞ்சினோன் உயிரை வைத்தான். பாலைத் தலைவன் நாளை வைக்கிறான். அவன் மேற்கொள்ளும் சுரத்தின் கொடுமை இக்குற்றத்தைக் குறைப்பது இல்லை.

தலைவன் பக்கத்து நியாயமும் உண்டு. இரப்பார்க்கு ஈதலும் சுற்றம் தழுவலும் பொருள் இன்றி இயலா. தன் நுகர்ச்சிக்கு மட்டுமே அவன் பொருள் தேடினான் என்று பாலைப்பாடல்கள் கூறா. ஆதலின் அகநூல்கள் இவ்வழக்கினை ஒருபால் சார்த்தி முடித்துவிடவில்லை. தலைவன் செல்லும் பாடல்களும் உள, செலவு தவிரும் பாடல்களும் உள. நமக்கு வேண்டுவது இத்துணையே: நிறைவாழ்வினை அளக்கும் கோல் இடரின் பெருமை அன்று, எதனை எதற்காகச் செலவிடுகிறோம் என்பதே.

5. ஐயமும் துணிவும்

இனி, யானை வேட்டத்தைக் கூறும் புறநானூற்று 214ஆம் பாட்டிற்கு வருவோம். பாடியவன் கோப்பெருஞ்சோழன். தன் மைந்தரோடு பகை நேர்ந்து, அவர்மேற் போருக்கு எழுந்தவன், புல்லாற்றூர் எயிற்றியனாரின் அறிவுரையால் (புறம். 213) அதனின்றும் நீங்கி, வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். அந்நிலையில் அவன் கூறியது இப்பாட்டு.

நல்வினையைச் செய்வோமோ, ஒழிவோமோ என்று ஐயுற்று நிற்பாரைப் பழித்துப் பாட்டுத் தொடங்குகிறது. யானையை வேட்டையாடச் சென்றவன் யானையைப் பெறுதலும் கூடும்; காடையாகிய குறும்பூழை வேட்டையாடச் சென்றவன் வறுங்கையோடு மீளுதலும் கூடும் என்பது அடுத்து வருவது. பெரியதை நாடினால் பெரியது கிடைக்கும் என்னும் உறுதிமொழியாக இதனைக் கொள்வார் பலர். பாட்டில் அத்தகைய உறுதிமொழி இல்லை. பெறுதலும் கூடும், பெறாமையும் கூடும் என்பதே அதன் நடை. புலவன் தகர்ப்பது வேறொரு நம்பிக்கையை. சிறியதை நாடினால் தோல்வி இராது என்று உலகம் நம்புகிறது. அது பொய் என்று அவன் காட்டுகிறான். காடை வேட்டுவனும் வெறுங்கையோடு வருகிறான். குறிக்கோளைச் சுருக்கிக் கொள்வதால் காவல் கிட்டுவது இல்லை. சுருக்கம் ஒன்றே மிஞ்சும்.

இதன்பின் வரும் வாதம் தமிழிலக்கியத்தில் தனித்து நிற்பது. உயர்ந்த வேட்டம் உடையார்க்கு வினைப்பயனாகத் துறக்க இன்பம் கிட்டலாம். அவ்வின்பம் இல்லையாயின், மீண்டும் பிறவாமை கிட்டலாம். பிறப்பு என்பதே இல்லையாயினும், இமயத்தின் சிகரம் ஓங்கினாற் போலத் தம் புகழை நிறுவிப் பழியற்ற யாக்கையோடு மாய்தல் மிகத் தலையாயது. மூன்று படிகளில் வாதம் இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நம்பிக்கையை அரசன் தானே கழற்றி வைக்கிறான். துறக்கம் உண்டு என்று அவன் நிறுவ முயலவில்லை; மறுபிறப்பினைப் பற்றியும் வழக்கிடவில்லை. எதிர்காலத்தைப் பற்றிய ஐயம் தீராது நின்றபோதிலும், செயலைப் பற்றிய ஐயம் தீர்ந்துவிடும் என்பதே அவன் கண்ட முடிவு. ஐயம் அற்றபின் செய்வோம் என்று நாளைத் தள்ளுவார்க்கு இதனினும் தெளிந்த விடை இல்லை.

உயிரை விடத் துணிந்தவன் உரையை நிறைவாழ்விற்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்துமோ என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். தடை வலியுடையதே. வடக்கிருத்தலை யாம் ஈண்டுப் புகழ வரவில்லை. அது அக்காலத்து மரபொடு பட்டது. பாட்டின் வாதம் வடக்கிருத்தலுக்கு மட்டும் உரியது அன்று என்பதே எம் கருத்து. பாட்டுள் பேசப்படுவது நல்வினை. சாவினை நாடுக என்று யாண்டும் கூறப்படவில்லை. பழியின்றி மாய்தல் என்பது வாழ்வின் முடிவினைச் சுட்டுவதேயன்றி வாழ்வின் மறுப்பினைச் சுட்டுவது அன்று. இவ்வரசனது வரலாற்றில் இத்தடைக்கு விடையாகும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

6. பிழைத்த வேல்

புறப்பாட்டின் யானையும் குறளின் யானையும் ஒன்று போலத் தோன்றினும், இரண்டிடத்தும் வாதம் வேறு. படைச்செருக்கு அதிகாரத்தின் இரண்டாம் குறள் (772) காட்டு முயலை எய்த அம்பினையும், யானைமேற் சென்று பிழைத்த வேலினையும் ஒப்பிடுகிறது. பின்னதனை ஏந்துதலே இனிது என்கிறது. கோப்பெருஞ்சோழன், சிறியதும் தவறலாம் என்றான். வள்ளுவரோ, சிறியது தவறாமல் வாய்த்தது என்றே வைத்துக்கொண்டு, அதனினும் பெரியதில் தவறியதே மேல் என்கிறார். முன்னது நேர்வு பற்றிய வாதம். பின்னது மதிப்புப் பற்றிய வாதம். முன்னதில் பயன் இன்னும் கணக்கில் உண்டு. பின்னதில் பயன் கணக்கினின்றும் நீங்கிவிட்டது. பரிமேலழகர் முயலின்மேற் சென்ற அம்பிற்குப் பிழையாமையை வருவித்துரைத்தது இவ்வேறுபாட்டினைத் தெளிவாக்குகிறது. முயலை எய்தது வெற்றி, யானையைப் பிழைத்தது தோல்வி என்னும் எதிர்நிலை முழுமையாக நின்றாலன்றிக் குறளின் கூர்மை விளங்காது.

எனவே இவ்விரண்டனையும் ஒரே மேற்கோளாகச் சேர்த்தல் பொருந்தாது. நல்லுருத்திரன் பாட்டினையும் உடன்வைத்து நோக்கின், யானை வேட்டம் பற்றிய கருத்து மூன்று நிலைகளில் அமைந்திருத்தல் புலனாகும். புலியின் பாட்டில் அது உள்ளத்தின் தகுதி பற்றியது. சோழனின் பாட்டில் அது ஐயத்தினை எதிர்கொள்ளும் முறை பற்றியது. குறளில் அது தோல்வியின் மதிப்புப் பற்றியது. மூன்றும் ஒரே விலங்கினைச் சுட்டினும், மூன்று வினாக்களுக்கு விடையாகின்றன.

இவ்வதிகாரத்தில் மேலும் இரு குறள்கள் நம் ஆய்விற்கு வேண்டுவன. கைவேலைக் களிற்றின்மேற் போக்கிய வீரன், தன் மார்பில் தைத்திருந்த வேலைப் பறித்து மகிழ்கிறான் (774). தன்னைப் புண்படுத்திய கருவியே அடுத்த செயலுக்குக் கருவியாகிறது. மற்றொரு வீரன் தன் வாழ்நாட்களை எண்ணுகிறான். விழுப்புண் படாத நாட்களை எல்லாம் பயனின்றிக் கழிந்த நாட்களோடு சேர்க்கிறான் (776). எலி கதிரை எண்ணுவது போல் இவன் நாளை எண்ணுகிறான். ஆனால் சேர்த்ததனை எண்ணவில்லை, செலவிட்டதனை எண்ணுகிறான். அறன்வலியுறுத்தல் அதிகாரத்தில், ஒரு நாளும் வீணாகாமல் நல்வினை செய்தலை வலியுறுத்தும் குறளோடு (38) இது ஒத்துச் செல்கிறது. போர்க்களத்து வீரனும் அறநெறி நிற்பானும் நாளைப் பற்றிக் கொண்ட கணக்கு ஒன்றே.

துறவறவியலில் உள்ள நிலையாமை அதிகாரமும் இதற்கு மாறுபட்டதன்று. செல்வம் நில்லாத் தன்மையது என்று கூறும் வள்ளுவர், அதனைப் பெற்றால் விட்டொழிக என்று கூறாது, பெற்ற அப்பொழுதே நிலைபெறும் அறங்களைச் செய்க என்கிறார் (333). நா அடங்கி விக்குள் எழுவதற்குமுன் நல்வினை மேற்கொள்ளப்படல் வேண்டும் என்கிறார் (335). துறவின் இயலிலேயே நிலையாமை செயலைத் தூண்டுகிறது எனின், ஏனை இயல்களில் அது செயலை ஒடுக்கும் என்று கொள்ளுதல் எவ்வாறு பொருந்தும்?

7. வள்ளுவர் முரண்பட்டாரா?

இனி, மேலே சுட்டிய தடையினை ஆராய்வோம். யானைமேற் பிழைத்த வேலினைப் புகழ்ந்த அதே ஆசிரியர், வரும் ஊதியத்தைக் கருதி இருக்கும் முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் ஈடுபடார் என்றும் (463), மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சின் வண்டியின் அச்சு முறியும் என்றும் (475), மரத்தின் நுனிக்கொம்பு வரை ஏறியவர் மேலும் ஏற முயன்றால் உயிர்க்கு இறுதியாகும் என்றும் (476) கூறுகிறார். சேற்றில் கால் ஆழ்ந்த யானையை நரி கொன்றுவிடும் என்பதும் (500) அவர் கூற்றே. யானை வேட்டத்தைப் பாடியவர் யானையின் வீழ்ச்சியையும் பாடினார். இஃது எவ்வாறு அமையும்?

விடை, கூறப்படுவோர் யாவர் என்பதில் உள்ளது. தெரிந்துசெயல்வகை முதல் இடனறிதல் வரையுள்ள நான்கு அதிகாரங்களும் அரசியலில் வைக்கப்பட்டவை. அங்கே செயலைத் தொடங்குவான் அரசன். அவன் தவறினால் அழிவது அவன் உடல் மட்டும் அன்று. படையும் குடியும் நாடும் உடன் அழியும். அவன் இடும் முதல் அவனுடையது அன்று. படைச்செருக்கிலோ பேசப்படுவான் ஒரு தனி வீரன். பரிமேலழகர் 772ஆம் குறளை, பகைவனது படையொடு பொருதபின் அப்பகையரசன்மேற் செல்ல விழைந்த ஒரு வீரனின் கூற்றாகவே கொண்டார். அவ்வீரன் பணயம் வைப்பது தன் மெய்யினையே. பிறர்க்கு உரியதனைக் கொண்டு சூதாடுதல் தகாது. தனக்கு உரியதனைப் பதுக்கி வைத்தலும் தகாது. இவ்விரண்டும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள்.

மேலும், அரசியலில் உள்ள ஊக்கமுடைமை அதிகாரம் அரசனுக்கும் உயர்வையே விதிக்கிறது. ஆனால் அங்கே அளவற்றதாக இருக்கவேண்டுவது எண்ணம். எண்ணுவது எல்லாம் உயர்ந்ததாகவே இருத்தல் வேண்டும்; அது கைகூடாவிடினும் கைகூடியதற்கு ஒப்பாகும் (596). நீர்ப்பூவின் தண்டு நீரின் அளவினது ஆதல் போல, மாந்தரின் உயர்வு அவர் உள்ளத்தின் அளவினது (595). எண்ணத்திற்கு எல்லை இல்லை. செயலுக்கு அளவு உண்டு. இவ்விரண்டனையும் பிரித்துக் காணாமையே முரண் என்னும் மயக்கத்திற்குக் காரணம் ஆயிற்று.

எண்ணாது துணிதலை வள்ளுவர் இழுக்கு என்றார் (467). ஆனால் துணியாது எண்ணிக்கொண்டே இருத்தலையும் அவர் பழித்தார். சூழ்ச்சியின் முடிவு துணிவு பெறுதல். அத்துணிவு காலந்தாழ்த்தலில் தங்கிவிடுமாயின் தீது (671). ஆய்வு என்பது துணிவிற்கு வழியாதல் வேண்டும். துணிவிற்கு மாற்றாதல் கூடாது. ஆட்டுக்கடா மோதுவதற்குமுன் பின்வாங்குகிறது (486). அப்பின்வாங்கல் மோதலின் ஒரு பகுதி. மோதாமலே பின்வாங்கி நிற்குமாயின் அது காலமறிதல் ஆகாது, எலிமுயற்சியே ஆகும்.

8. பொத்தியார் திருப்பி அனுப்பப்பட்டமை

தன்னுடையதனைத் துணிந்து செலவிடலாம், பிறருடையதனை எண்ணியே செலவிடல் வேண்டும் என்னும் இவ்வேறுபாடு, வள்ளுவர் நூலைக் கொண்டு யாம் பின்னர் வகுத்துப் புறப்பாட்டின்மேல் ஏற்றியது அன்று. கோப்பெருஞ்சோழன் வரலாற்றிலேயே அது செயலாக நிற்கிறது. வடக்கிருந்த அவனோடு தாமும் உயிர்விடப் புலவர் பொத்தியார் முன்வந்தார். அவர்தம் மனைவி கருவுற்றிருந்தாள். மகன் பிறந்தபின் வருக என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பினான். அரசன் நடுகல்லானபின் மீண்டு வந்த பொத்தியார் பாடிய பாட்டால் (புறம். 222) இச்செய்தி அறியப்படும். மறுபுறம், நேரிற் கண்டறியாத நண்பர் பிசிராந்தையார் வருவார் என்று உறுதியாகக் கூறி, அவர்க்கு இடம் ஒழிக்கச் சொன்னவனும் அவனே (புறம். 215, 216). பிசிராந்தையாரும் வந்தார்.

செய்வோமோ என்று ஐயுறுவாரைக் கடிந்து பாடிய அரசன், பொத்தியாரிடம் மட்டும் பொறுத்திரு என்று கூறியது ஏன்? தன் உயிர் தன்னுடையது. பொத்தியாரின் உயிரிலோ பிறவாத மகவிற்கும் பங்கு உண்டு. தன் பங்கினை முழுதும் செலவிட்டவன், பிறர் பங்கிற்குக் காவலனாக நின்றான். உயிரைத் துரும்பாக மதித்தான் என்று அவனைக் கூறுதல் பொருந்தாது. உயிரின் விலையை நன்கு அறிந்தவனே அதனைச் செலவிடவும் அறிந்தான். முன்னர் எழுந்த தடைக்கு இதுவே விடை.

9. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. பழஞ்சான்றோர் நிறைவாழ்விற்கு மறுதலையாகக் கொண்டது பதுக்கலே. எலியின் வளை, ஏற்றின் கொம்பிற்கு அஞ்சுவானின் உயிர்க்காவல், பாலைத் தலைவன் தள்ளிவைத்த நாட்கள் ஆகிய மூன்றும் அதன் வடிவங்கள். யானை வேட்டம் என்னும் உவமை இடத்திற்கு இடம் வேறு வாதத்திற்குப் பயன்பட்டுள்ளது. அவற்றை ஒன்றெனக் கொள்ளுதல் பாடல்களின் நுட்பத்தை மறைக்கும். வள்ளுவரின் எச்சரிக்கைகள் துணிவிற்கு மாறானவை அல்ல. பிறருடைய முதலைக் காக்கும் அறத்தினின்றும் பிறந்தவை.

தொல்காப்பியர் காஞ்சியை உலகத்தின் நிலையாமை கூறும் திணையாக வகுத்தார். புறப்பொருள் வெண்பாமாலையோ மேற்செல்லும் படையை எதிர்த்து நிற்றலுக்கு அப்பெயரைத் தந்தது. இலக்கண மரபு இரண்டாகப் பிரிந்ததன் வரலாறு தனியே ஆராயற்பாலது. ஆயினும் பொருள் நோக்கில் இரண்டும் மிகத் தொலைவில் நிற்பன அல்ல. நில்லாமையை உணர்தலும் எதிர்த்து நிற்றலும் ஓர் உள்ளத்தில் கூடி வாழ்தல் இயலும் என்பதற்குப் பொருண்மொழிக்காஞ்சியில் அமைந்த 190, 214 ஆகிய இரு புறப்பாட்டுக்களே சான்று. நிலையாமை கூறும் பாடல்கள் அனைத்தையும் துறவின் வாயில்களாகவே படித்துவரும் வழக்கத்தை இளம் ஆய்வாளர் விடுத்து, ஒவ்வொரு பாட்டும் உணர்ந்தானை எங்கே செல்லச் சொல்கிறது என்று வினவுதல் நன்று. சில பாடல்கள் அவனைக் காட்டிற்கு அனுப்பும். பல பாடல்கள் அவனைப் பசித்த சுற்றத்தாரிடமும், பிரிந்த மனையாளிடமும், தொடங்கி நின்ற வினையிடமும் திருப்பி அனுப்பும்.